இரட்டைச் சுவர்

மேற்கு வெயில் எங்கள் புது வீட்டின் சுவரில் சாய்ந்து விழுகிறது. அப்பா ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர். அறைக்குள் சூடு இறங்கக் கூடாதென்று மேற்கிலும் தெற்கிலும் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் வெறும் காற்று நிற்கும்படி கை நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தார். மாமா மேற்குச் சுவரின் இடைவெளியில் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கலவையும் கொட்டி மேல்வரைக்கும் நிரப்பிவிட்டார். "பொந்து விட்டா எலிதான் குடியேறும், மச்சான். இனி யானை முட்டினாலும் அசையாது!" கூலி வாங்காமல் காலையிலிருந்து உழைத்தவரின் கழுத்து கருத்துக் கிடக்கிறது. அம்மா தன் தம்பியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அப்பா கலவையில் ஒரு விரலை அழுத்துகிறார். விரல் இறங்கவில்லை. தூக்கமில்லாத கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "நல்ல பலமா இருக்கு, மாப்ளே," என்கிறார். மாமாவின் முகம் மலர்கிறது. "அப்ப தெற்குச் சுவரையும் இன்னிக்கே அடைச்சிடறேன்!" அப்பா தெற்குச் சுவரின் இடைவெளிக்குள் கையை நுழைத்து, எடுக்காமல் நிற்கிறார்.