அலகுக்கான அட்டை

தறியில் ஏற்றுமுன், புடவைக் கரையில் அன்னங்களை உருவாக்கும் துளை அட்டைகளை ரேணுகாம்பாள் ஒவ்வொன்றாக ஜன்னல் வெயிலில் பிடிக்கிறாள். துளையிட்டவளும் அவள்தான். கணவன் பூவராகவன் வரைபடத்தைப் பார்த்துக் கேட்கிறான்.

"கழுத்து?"

"இருக்குது."

"கண்ணு?"

"இருக்குது."

துளைகள் வழியே வெயில் அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. போன புடவையில் ஓர் அட்டை பிசகி, அன்னங்களெல்லாம் அலகில்லாமல் வந்தன. இன்னொருமுறை நடந்தால் தறியைப் பிடுங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

"அலகு?"

அவள் முகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்க்கிறாள்.

"இன்னாம்மா, சொல்லு."

"துளையே இல்ல. மறுபடியும் உட்டுட்டேன்."

பூவராகவன் பெருமூச்சு விடுகிறான்.

"இன்னும் ஏத்தல, பயப்படாத. இதுல துளை அடிச்சிடலாம்."

அவள் அந்த அட்டையைத் தனியே வைக்கிறாள். 'இருக்குது' என்று சொல்லிவிட்ட அட்டைகளையெல்லாம் இழுத்து, மறுபடி வெயிலில் பிடிக்கத் தொடங்குகிறாள்.