திட்ட வந்தவர்

சொன்ன நேரத்துக்கு முன்பாகவே ஆள் வந்துவிட்டார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "யாருடா இங்க தலைவர்?" என்று வாசலில் நின்றபடியே கத்தினார்.

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் ரேடியோவைப் பார்த்து, பரவாயில்லையே என்று தலையாட்டினார்கள். ஓயாமல் பேசியே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவன் அவன். நாடகக் குழு வைத்திருக்கும் தன் சித்தப்பாவிடம் போனில் சொல்லி, திட்டுவதற்கென்றே ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தான்.

விஷயம் இதுதான். முன் தெரு, பின் தெரு என்று பிரிக்காமல், யார் என்ன பாஷை பேசுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்காமல் இந்தப் பிள்ளைகள் கூடுவது இந்த முதல் மாடி ஹாலில்தான். பின் தெரு ஆட்களை இனிமேல் படியேற்றினால் ஹாலைப் பூட்டிவிடுவேன் என்று கட்டடத்துக்காரர் கீழ்க்கடைக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அந்த மகானுபாவரின் முகத்தைக்கூட இவர்களில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நேரில் போய்ப் பேசியாக வேண்டும்.

பேச வேண்டியவள், வாய் திறக்காததால் மியூட் என்று பெயர் வாங்கியவள். மன்றத்துத் தலைவி, பின் தெருப் பெண். வேலை என்று வந்துவிட்டால் சூறாவளிதான். ஆனால் யாராவது முகத்துக்கு நேரே ஒரு சுடுசொல் சொல்லிவிட்டால் போதும், தொண்டை அடைத்துக் கண் நிறைந்துவிடும். அதைத் தாங்கிப் பேசப் பழக்கத்தான் இந்த ஒத்திகை.

"நான்தான் சார்," என்றாள். பாதிக் குரல்தான் வந்தது.

"நீயா? பின் தெருதானே? பார்த்தாலே தெரியுது."

சொல்லிக்கொண்டே அவர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விசிறியைப் போட்டார். அந்தப் பாழாய்ப்போன சுவிட்ச் அங்கே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க இந்தப் பிள்ளைகளுக்கே ஒரு வாரம் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஹாலைக் கொடுத்தது படிக்கிற பசங்களுக்கு. நீ உன் கூட்டத்தையே கொண்டாந்து கொட்டிட்டே. படி பூரா செருப்பு. உள்ள வந்தா நாத்தம். உங்களையெல்லாம் எங்க வைக்கணுமோ அங்க வச்சிருக்கணும். என்ன, நாக்கு ஒட்டிக்கிச்சா?"

மியூட்டுக்குக் காது சுட்டது. நடிப்புதானே, நடிப்புதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இவரிடமே வாய் திறக்க முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரிடம் என்னத்தைக் கிழிப்பது?

"பேசு மியூட்," என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் ரேடியோ.

"படியில செருப்பு கிடக்கிறது எங்க தப்பு சார். அதைச் சரி பண்ணிடறோம்," என்றாள். குரல் மெல்ல மேலே வந்தது. "ஆனா நாத்தம்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. முனைச் சலவைக்கடையில இஸ்திரி போடுறது எங்கம்மா. இந்தத் தெருச் சட்டையெல்லாம் அங்கதான் வருது. நீங்க போட்டிருக்கிறதும் எங்கம்மா கை பட்டதுதான். அதுல நாத்தம் அடிக்குதா?"

அவர் கை தானாகக் காலருக்குப் போனது. போன வேகத்தில் இறங்கியது.

"உங்கம்மா துணி தேய்ச்சா நீ தலைவியாயிடுவியா?"

"அதுக்காக ஆகலை சார். இவங்க கை தூக்கினாங்க, ஆனேன். முன் தெருப் பசங்களும்தான் தூக்கினாங்க. என் பக்கத்துல உட்கார அவங்களுக்கு ஒண்ணும் கூசலை. உங்களுக்கு மட்டும் ஏன் கூசுது?"

"வாய் நீளுது."

"நீளலை சார். நீங்க வந்ததுலேருந்து நான் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாப் பேசலை. நீங்க ஒரு வார்த்தைகூட மரியாதையாப் பேசலை. யார் யாரைப் படியேத்தக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க."

விசிறி கடகடத்தது. ரேடியோ முதலில் கை தட்டினான். மொத்த ஹாலும் தட்டியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டவர் மாதிரி அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

எழுந்தார். "செருப்புக்கு ஒரு அலமாரி வாங்கி வை," என்றார் கடுகடுவென்று. "யாரு வேணா வந்து தொலையுங்க. படியில ஒத்தைச் செருப்பைப் பார்த்தேன், அன்னிக்கே பூட்டிடுவேன்." தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

மியூட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. இத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே நின்றுபோன அத்தனையையும் இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"மனுஷன் கடைசி வரைக்கும் வேஷம் கலைக்கலை பாரேன்," என்றான் ரேடியோ. "ஒரு டீகூடக் குடிக்காமப் போயிட்டார்."

"எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு," என்றாள் மியூட், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நிஜ ஆள் முன்னாடி எனக்கு ஒரு வார்த்தைகூட வராது."

அப்போது வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தோளில் ஜோல்னாப் பையோடு ஓர் ஒல்லி மனிதர் நின்றிருந்தார். விசிறிக் காற்றில் நிற்கலாமா என்று கேட்பதுபோல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"சித்தப்பா அனுப்பினார் தம்பி. பஸ் பாதி வழியில நின்னுடுச்சு, மன்னிச்சுக்குங்க," என்றவர், பையிலிருந்து ஓர் ஒட்டுமீசையை எடுத்து மூக்குக்குக் கீழே அழுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, யாரைத் திட்டணும்?"