கோத்த கைகள்

ரோமானிய நாணயங்களைக் காட்டி, பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வதில் அருங்காட்சியக அதிகாரி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவன், இன்று காலை மனைவிக்கு மணநாள் பரிசு தந்திருந்தான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற பூரிப்பில், அவள் சொல்லாமல் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றாள்.

“ரெண்டு கை கோத்திருக்கு பாருங்க. பேரரசரும் படையும் ஒண்ணுன்னு அர்த்தம்.”

“அவ்வளவு பாசமா சார்?” என்றார் ஒரு பெரியவர்.

“அதான் இல்லை! படை கைவிட்டுப் போற மாதிரி தெரிஞ்சா, உடனே இந்தக் காசை அடிச்சு விட்ருவாங்க. நிஜமாவே ஒத்துமையா இருந்தா ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்? உள்ள இல்லாததைத்தான் வெளிய காட்டுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏங்க…”

குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான்.

காலையில் அவன் போட்டுவிட்ட சங்கிலியின் பதக்கத்தை அவள் தூக்கிக் காட்டினாள். அதிலும் அதே இரண்டு கைகள்.

“அப்ப இதுக்கு என்னங்க அர்த்தம்?”

எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்பவன், நாணயப் பெட்டியின் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.