இருபத்து மூன்று மாத டயர்

"ரெண்டு வருசம் ஓடும்னு சொன்னீங்களே தம்பி, இருபத்திமூணு மாசந்தான ஆவுது?"

மாதவராஜ் சத்தம் போடவில்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி சாதாரணமாகத்தான் கேட்டார். டயர் கடை சவுரியப்பனுக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற ஆளை எப்படியாவது சமாளித்துவிடலாம். சிரித்த முகத்தோடு கேட்கிற ஆளை என்ன செய்வது?

மாதவராஜ் பாலக்கோடு தக்காளி மண்டியில் பெரிய புள்ளி. அறுபதை நெருங்கும் வயது. மாரண்டஹள்ளி வீட்டிலிருந்து மண்டிக்கு, ஒரு தக்காளிக் கூடை வைக்கக்கூட இடமில்லாத அந்தக் காரில்தான் தினமும் போய் வருவார். மண்டி லாரிகள் எல்லாம் தருமபுரிக்கு வந்து சவுரியப்பனிடம் டயர் மாற்றுவதும் அவர் சொல்லித்தான். 'ஏமாத்திட்டான்' என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

சவுரியப்பன் குனிந்து பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். மொழுமொழுவென்று இருந்தது.

"எத்தினி கிலோமீட்டர்ணா ஓடியிருக்கு?"

"பதினெட்டாயிரத்து நானூறு."

"அதாண்ணா விசயம். இது சாதா டயர் மாதிரி இல்லீங்க. ரப்பர் மெத்துனு இருக்கும். ரோட்டை நல்லாப் புடிக்கும், புடிக்கப் புடிக்கத் தேயும். தினமும் எடுக்குற வண்டிக்குப் பதினஞ்சாயிரம், மிஞ்சிப்போனா இருபதாயிரம். அவ்வளவுதாங்க அதுக்கு ஆயுசு."

"அப்ப அன்னிக்கு ரெண்டு வருசம்னு சொன்னது?"

"அது... ஒரு குத்துமதிப்பா சொன்னதுங்க. தொப்பூர் கணவாய்ல கீது வெரட்டுனீங்களோ?"

"நானா? என் காரை டிராக்டரே முந்திட்டுப் போவுது தம்பி."

சொல்லிவிட்டு மாதவராஜ் காருக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார். அதிலிருந்து ஒரு தேங்காய், குங்குமப் பொட்டலம், கற்பூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கடை வாசலில் வைத்தார்.

சவுரியப்பன் சக்கரத்தை விட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தார். கற்பூரம்! ஏற்றிவைத்து, 'நல்ல டயர்தான் வித்தேன்னு அணைச்சு சத்தியம் பண்ணு' என்று சொல்லப் போகிறாரா? சவுரியப்பன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் இந்தப் பக்கத்தில் கற்பூரச் சத்தியத்துக்கு மதம் கிடையாது. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்றால் எல்லாக் குடும்பமும்தான்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் கனம் இருந்தது. அந்த நாலு டயரும் விற்கும்போதே பதினாலு மாதம் கிடங்கில் கிடந்தவை. எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று டயரின் பக்கவாட்டிலேயே நாலு எண் பதிந்திருக்கும். மாதவராஜ் அதைப் பார்க்கவில்லை. கேட்காததற்கு எதற்குப் பதில் என்று இவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மாதவராஜ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழைய காராக வாங்கி நேரே இங்கே கொண்டுவந்து நிறுத்தி, "ஆறு மாசம் ஓடுனாப் போதும் தம்பி, ஓடுமா?" என்றார். அப்போது அவர் யாரென்று தெரியாததால், கார் வாங்கி விற்கிற ஆசாமி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சவுரியப்பனும் வியாபாரப் பேச்சை அவிழ்த்துவிட்டார். "என்னங்ணா ஆறு மாசம்? ரெண்டு வருசம் கழிச்சு நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து மாத்துவீங்க, பாருங்க!"

அந்த வாய்தான் இப்போது வினையாகிவிட்டது.

"தீப்பெட்டி இருக்குங்களா தம்பி?"

சவுரியப்பனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணா, கற்பூரம் ஏத்தாதீங்க. நானே சொல்லிடுறேன். அது பழைய ஸ்டாக்குங்க. பதினாலு மாசம் கெடங்குல கெடந்துச்சு. சொல்லாம வித்தது தப்புத்தான். புதுசு நாலும் நான் வாங்கின வெலைக்கே போட்டுத் தர்றேன். மண்டியில மட்டும் சொல்லிடாதீங்க."

மாதவராஜ் அவரை ஒரு கணம் வியப்போடு பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பதினாலு மாசம் பழசா? அதுவே இவ்வளவு ஓடிச்சா! புதுசு நாலு மாட்டுங்க. உங்க கடை வெலையையே முழுசா வாங்கிக்குங்க. மொதல்ல அந்தப் பின்டயரைக் கழட்டி இங்க நிறுத்துங்க."

சவுரியப்பன் ஒன்றும் புரியாமல் கழற்றி நிறுத்தினார். மாதவராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வழுக்கை டயரில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். தேங்காயை உடைத்தார். கற்பூரத்தை ஏற்றி டயரைச் சுற்றிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"புது டயருக்குத்தாண்ணா எலுமிச்சம்பழம் வெப்பாங்க. தேஞ்ச டயருக்கு யாருங்க பூசை போடுவாங்க?"

மாதவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வூட்டுல கூடச் சொல்லாம, பெங்களூர் ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வழியில, ரொம்ப நாள் ஆசைன்னு இந்தக் காரை வாங்கிட்டு வந்தேன். எனக்கு ஆறு மாசந்தான்னு டாக்டருங்க எல்லாரும் சொல்லிட்டாங்க தம்பி. 'ரெண்டு வருசம் கழிச்சு நீங்களே ஓட்டிக்கிட்டு வருவீங்க'ன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."