கறுப்புப் படத்துக்குப் பேர்

மேசைமேல் இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்றில் ‘இருக்கிறது’, இன்னொன்றில் ‘கீது’.

படத்துக்குப் பக்கத்தில் எதை ஒட்டுவது என்று இன்றைக்கே தீர்ந்தாக வேண்டும். நாளைக்குக் கண்காட்சி திறக்கிறார்கள். நாளன்றைக்கு ஃப்ளோரா மெட்ராஸுக்கு விமானம் ஏறிவிடுவாள். ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியில் ஒட்டிய அட்டையை யாரால் கிழிக்க முடியும்?

ஓவியம் படிக்க வந்தவள் அவள். படிப்பு முடிகிற நேரத்தில் அவள் படம் ஒன்றை அந்த ஊர் நவீன ஓவிய மியூசியம் வாங்கி, சுவரிலும் மாட்டிவிட்டது. 1973இல் ராயபுரத்துப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா என்ன?

ஆளுயரத்துக்கு மேல் இருந்தது படம். முழுக்கக் கறுப்பு. அப்பா இக்னேஷியஸ் கரி இறக்கிய கூட்ஸ் ஷெட்டை வரைந்தால் வேறென்ன நிறம் வரும்? சின்ன வயதில் சோற்றுத் தூக்கோடு போய் அந்த ஷெட் வாசலில் நிற்பாள். முதலில் எதுவும் தெரியாது. கண் பழகினால்தான் வண்டி தெரியும், அப்புறம் அப்பா தெரிவார்.

இங்கே படத்தை முதலில் பார்த்த ஆசிரியர், இதில் ஒன்றுமே இல்லையே என்றார். வந்த கோபத்தில் ஃப்ளோராவுக்கு ஜெர்மன் மறந்துபோய்விட்டது. ‘கீது’ என்றாள். அவர் அர்த்தம் கேட்டுக்கொண்டு, பொறுமையாக நின்று பார்த்தார். பிறகு சிரித்தார். அதையே பேராக வை என்றார்.

வைத்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தமிழ் சரியா என்று மியூசியத்து நிர்வாகி அம்மாள் இந்தியர் சங்கத்துச் செயலாளர் தாமோதரனைக் கேட்டாள். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் என்று வேறு யாரைக் கேட்பாள்? ஒரு மாதமாக போனிலேயே இழுபறி. இன்றைக்குக் கோட்டும் டையுமாக நேரிலேயே வந்துவிட்டார். கூடவே மனைவி. சங்கத்தில் அவளை மிஸஸ் தாமோதரன் என்பார்கள். பட்டுப்புடவை, ஒரு புன்னகை, இரண்டு இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான். நாலு வார்த்தை தமிழில் பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமோ என்று ஃப்ளோரா பல நாள் கறுவியிருக்கிறாள்.

“இது தமிழே இல்லம்மா, பேட்டைப் பேச்சு. வெள்ளைக்காரன் முன்னால நம்ம மானத்தை வாங்காதே,” என்றார் தாமோதரன்.

ஃப்ளோராவுக்குக் காது சூடேறியது. மெட்ராஸில் காலேஜ் படித்தபோது வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். சிரிப்புக்குப் பயந்து பேச்சையே மாற்றிக்கொண்டவள்தான். ஆனால் இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் படமே அவளுடையது இல்லை.

உங்கள் மொழியில் இப்படி ஒரு சொல் உண்டா, இல்லையா, அது தெரிந்தால் போதும் என்றாள் நிர்வாகி. உண்டு என்று சொல்ல ஃப்ளோரா ஒருத்தி. இல்லை என்று சொல்ல ஒரு சங்கமே நின்றது.

தாமோதரன் படத்தை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார். ஒரு மண்ணும் இல்லை, இதற்குப் பேர் ஒரு கேடா என்று முணுமுணுத்தார்.

“இன்னா நீ, தோ கூட்ஸு வண்டி கீது பாரு.”

சொன்னது மிஸஸ் தாமோதரன்.

நிர்வாகிக்குத் தமிழ் தெரியாது. ஒரு மாதமாகச் சண்டை நடந்த அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். சட்டென்று நிமிர்ந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ‘கீது’ அட்டையை எடுத்துப்போய்ச் சுவரில் ஒட்டி, நாலு மூலையையும் அழுத்திவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஃப்ளோராவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மனைவி பேசியதைக் கேட்டு அவர் ஆடிப்போயிருப்பார் என்று தாமோதரனைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியமே இல்லை அந்த முகத்தில். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் நின்றார்.

மிஸஸ் தாமோதரன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடக்கி அடக்கி வைத்திருந்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“எம் பேரு பவுனம்மா. நாங்க ரெண்டு பேருமே ஒங்க ராயபுரத்துக்குப் பக்கத்துல கொருக்குப்பேட்டதாம்மா.”