நான்கு வார்த்தைகளுக்கு நடுவே

லத்தி மறுபடியும் உள்ளங்காலில் இறங்கியபோது, சொரிமுத்துவின் காலில் கட்டியிருந்த சலங்கை ஒருதரம் குலுங்கி அடங்கியது.

சாமியாட இடுப்பில் கட்டிய சல்லடத்தை உருவி மூலையில் எறிந்திருந்தார்கள். சலங்கையை அவிழ்க்கத்தான் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று காலைப் பிடித்திருந்த போலீஸ்காரர் சிரித்தார்.

மணி மூன்றுகூட ஆகியிருக்காது.

கோயில் கொடை விழாவின் மதியப் பூசையில் சுடலைமாடனுக்கு ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று மைக்கைப் பிடுங்கி, கண்டிராக்டர் ராஜமணியை முகத்துக்கு நேரே திட்டியிருந்தான். மைக்செட் குழாய் பக்கத்து ஹவுசிங் காலனியைப் பார்த்துக் கட்டியிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் சோறு தின்கிற நேரத்தில் இப்படிப்பட்ட பேச்சா என்று ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர் எழுதிக் கொடுத்தார். பொது இடத்தில் ஆபாசம் பேசிய கேஸ். மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே, மாடனை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கேஸுக்கு வார்த்தை வேண்டும். என்ன சொன்னாய் என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். சொரிமுத்து எல்லாவற்றையும் சொன்னான். ரைட்டர் அதிலிருந்து நான்கு கெட்ட வார்த்தைகளை மட்டும் பொறுக்கி, ஸ்டேஷன் பாஷையான மலையாளத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

சொரிமுத்து பேனாவை வாங்கவில்லை. நடுவில் சொன்னதை விட்டுவிட்டீர்கள், அதையும் எழுதினால் போடுகிறேன் என்றான்.

அதற்குத்தான் இந்த அடி.

நடுவில் சொன்னது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், தம்பானூரில் லாட்ஜ் கட்டுகிற இடத்தில், அவன் தங்கை செண்பகவல்லியின் புருஷன் மகாராஜா நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். வாயில் வாடை அடித்தது. குடித்துவிட்டு ஏறினான் என்று கேஸை மூடினார்கள். மகாராஜா குடிக்கிறவனே இல்லை. சாரக் கயிறு இற்றுப்போயிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று நாளாக ராஜமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவன் வாயில் பிராந்தியை ஊற்றியது ராஜமணி.

எஸ்.ஐ. அதை முழுக்கக் கேட்டார். இதில் ஆபாசம் ஒன்றும் இல்லையே, இதை எதற்கு எழுத வேண்டும் என்றார். பிறகு சொரிமுத்துவின் வலது கையைத் தரையில் விரிக்கச் சொல்லி, அதன்மேல் பூட்ஸோடு ஏறி நின்றார். சுண்டுவிரல் முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

அவன் கத்தவில்லை. நடுவில் சொன்னதையும் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னான்.

பூட்ஸ் இந்தத் தடவை வாயில் இறங்கியது.

வெளியே வராந்தாவில் ராஜமணி உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கியவர் அவர்தான். ஆனால் தனக்குப் புகாரே இல்லை என்று இரண்டு தடவை உள்ளே ஆள் அனுப்பிவிட்டார். கொடையில் மாடன் யாரையாவது திட்டத்தான் செய்வான். தேங்காய் அழுகல் என்று ஒருவனை, மேளம் மந்தம் என்று இன்னொருவனை, அம்மாவையும் அக்காவையும் இழுத்தே திட்டுவான். வாங்கியவன் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போவான். சாமி சொன்னதை மறுநாள் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. ஆகவே இதையும் சாமி கணக்கில் விட்டுவிடலாம், தனக்குக் கிடைத்த பாக்கியம் என்று வைத்துக்கொள்கிறேன் என்றார் ராஜமணி.

எஸ்.ஐ.க்கும் அது பிடித்திருந்தது. அவர் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார்.

“நின்டெ சாமியாணோ பறஞ்ஞது, அதோ நீயோ? சாமின்னு பறஞ்ஞா கேஸில்ல. போகாம்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செண்பகவல்லி நின்றிருந்தாள். கொடைக்குக் கட்டிய சேலையோடு ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி வந்தவள்.

“சாமின்னு சொல்லிருண்ணே. அவரு போயிட்டாரு, நீயாவது எனக்கு மிஞ்சணும்.”

சொரிமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை. வாயில் கிடந்த பல்லை ரத்தத்தோடு துப்பினான்.

“சாமி வரல சார். மூணு கொடையா மாடன் எம்மேல வந்து, அந்த ராஜமணி நெத்தியிலதான் மொதத் துன்னூறு பூசுனான். இந்த வருசம் வரவே இல்ல. வெறுமனேதான் ஆடுனேன். பேசுனது நான். நாந்தான்னு எழுதுங்க.”

வராந்தாவில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

எஸ்.ஐ. லத்தியை எடுத்தார். இதுவரை இடுப்புக்கு மேலே லத்தி ஓங்காதவர், இப்போது தோளில், விலாவில், முதுகில் என்று கை ஓய்கிறவரை அடித்தார். சொரிமுத்து சுருண்டு பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டான். கண் இருட்டியபோதும், எழுதுங்கள் என்றே முனகினான்.

ரைட்டருக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. பேப்பரைத் தன் பக்கம் இழுத்து, நான்கு வார்த்தைகளுக்கும் நடுவே இருந்ததை எழுதத் தொடங்கினார். கயிறு, மூன்று நாள், பிராந்தி. எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, ராஜமணி ஊற்றியது உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்.

அப்போதுதான் சொரிமுத்து ஜன்னலைப் பார்த்தான்.

“ஊத்தணும்னா ஒருத்தன் தாடையத் தெறந்து பிடிக்கணும்லா சார். பிடிச்சது நான்.”