பல்லில் கேட்கும் தட்டல்

ஆரப்பாளையத்துப் பட்டறையில், தகரக்கூரையின் வெக்கையில், பழைய பியட் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. காது மந்தமான மெக்கானிக் ரசாக், நீளத் திருப்புளியை ஓடும் இஞ்சின்மேல் ஊன்றி, உள்ளே தட்டுகிறதா என்று பல்லால் கேட்க அதன் மரப்பிடியைக் கடித்தபடி குனிந்திருக்கிறார். கார் வாங்கிய நாளிலிருந்து அதிலேயே இருக்கும் பெட்ரோல் இஞ்சின்; இந்த மாதம் மூன்று முறை பிரித்துப் பூட்டியாயிற்று. மூக்கில் தொங்கும் வேர்வையைத் துடைக்கக் கை எழவில்லை. “இன்னைக்கும் தட்டுச்சுன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் இஞ்சினை வச்சிருங்க பாய். எம்புட்டு நாளுதான் பாக்குறது?” என்று அவர் காதருகே கத்துகிறார் கார்க்காரர் சுருளி. மரப்பிடி வழியாகத் தாடைக்குள் வருகிறது, லேசாக, டக், டக். ரசாக் இஞ்சினை அணைக்கிறார்.

“என்ன பாய், தட்டுதா?”

“இஞ்சின் நல்லாத்தேன் இருக்குண்ணே. என் கடவாப்பல்லுதேன் ஆடுது. நாளைக்கு வந்து எடுத்துக்கங்க.”

சுருளி சிரித்துக்கொண்டே போகிறார். அவர் தெருமுனை திரும்பியதும், சூடு ஆறக்கூடக் காத்திராமல், நான்காவது முறையாகப் பிரிக்க ரசாக் ஸ்பேனரை எடுக்கிறார்.